உடைந்ததும் வேகமெடுத்த படகு

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் லுமுட்டில் உள்ள பெரியப்பா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். முதல் ஆண்டில் ஒரு பாடத்தில் தோல்வி. மறுதேர்வு காத்திருந்தது. திருத்திய விடைத்தாளை வாங்கி வந்தேனே தவிர, அதைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் மனம் கெட்டுவிடும் என்று சொல்லி, பெரியப்பா தாம் வேலை செய்யும் படகுப் பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

அங்கே ஒரு பாய்மரப் படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். காற்று இல்லாத நேரத்தில் ஓட்ட அதில் ஒரு சிறிய டீசல் இயந்திரமும் உண்டு. இயந்திரத்தின் சுழல்தண்டு படகின் அடிப்பகுதி வழியாக வெளியே வந்து, நுனியில் இருக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும். தண்டு ஆடாமல் இருக்க, புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் ஒரு வெண்கலத் தாங்கி அதைப் பிடித்திருக்கும். அந்தத் தாங்கி படகில் பதிந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஃபைபர்கிளாஸில் விரிசல் விட்டு, உள்ளே நீர் கசிந்திருந்தது.

விரிசலில் பிசின் பூசி அடைத்துவிடலாமே என்றேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை. புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். தண்டு கடகடவென்று ஆடியது. தாங்கிக்குள் இருந்த ரப்பர் பேரிங் தேய்ந்து போயிருந்தது. தண்டின் அதிர்வு தாங்கியை அசைக்க, தாங்கி ஃபைபர்கிளாஸைப் பிளந்திருக்கிறது. விரிசலை மட்டும் மூடினால் மறுபடியும் பிளக்கும் என்றார்.

கப்பலுக்குப் புரொப்பெல்லர் எப்படி வந்தது என்று அன்றிரவு தேடிப் படித்தேன். அப்போதுதான் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் வாழ்க்கை எனக்குத் தெரிய வந்தது.

ஸ்மித் 1808-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரத்தில், ஹைத் என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். தந்தை அவ்வூர் அஞ்சல் அதிகாரி. மகன் கால்நடை வளர்க்கும் விவசாயி ஆனார். பொறியியல் கற்றவர் அல்லர். ஆனால் சிறு வயது முதலே பொம்மைப் படகு செய்வதில் அவருக்குப் பெரும் பித்து.

அக்காலத்து நீராவிக் கப்பல்களின் இரு பக்கங்களிலும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். போரில் ஒரு குண்டு பட்டால் சக்கரம் நொறுங்கிவிடும். நீருக்கு அடியில் திருகாணி போன்ற ஒன்றைச் சுழற்றினால் என்ன என்ற எண்ணம் பலருக்கு முன்பே வந்திருந்தது. ஸ்மித் விசைச்சுருளால் இயங்கும் மாதிரிப் படகு ஒன்றைச் செய்து குளத்தில் ஓட்டிப் பார்த்தார். 1836 மே மாதம் காப்புரிமையும் பெற்றார். ஆறு வாரம் கழித்து, சுவீடனைச் சேர்ந்த ஜான் எரிக்சனும் தம்முடைய புரொப்பெல்லருக்கு அங்கே காப்புரிமை பெற்றார்.

பிறகு ஸ்மித் ஆறு டன் எடையுள்ள படகு ஒன்றைக் கட்டி, லண்டனின் பேடிங்டன் கால்வாயில் ஓட்டினார். அதன் மரத்திருகு இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. 1837-இல் ஒரு நாள் அது எதிலோ மோதி, பாதி உடைந்து விழுந்தது. நின்றுவிடும் என்று எதிர்பார்த்த படகு முன்பைவிட வேகமாக ஓடியது!

இன்னொருவர் என்றால் புதிய திருகை அதே பழைய அளவில் செய்து மாட்டியிருப்பார். ஸ்மித் உடைந்ததைப் பார்த்து யோசித்தார். தம் கணக்கே தவறு என்பதை ஒப்புக்கொண்டு, அடுத்த திருகை ஒரே சுற்றோடு உலோகத்தில் செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தச் சிறு படகைக் கடலிலும் ஓட்டிக் காட்டினார்.

அடுத்து வந்த பெரிய கப்பல் ஆர்க்கிமிடிஸ். பொறியாளர் புருனல் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே, தாம் கட்டி வந்த கிரேட் பிரிட்டன் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டுப் புரொப்பெல்லரைப் பொருத்தினார். 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை இரு கப்பல்களைப் பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிட்டது. புரொப்பெல்லர் கொண்ட ராட்லர், துடுப்புச் சக்கரம் கொண்ட அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

ஆனாலும் ஒரு சிக்கல் தொடர்ந்தது. தண்டைத் தாங்கிய உலோகப் பேரிங்குகள் விரைவில் தேய்ந்தன. கப்பல்கள் அதிர்ந்தன, பின்புறம் நீர் கசிந்தது. அதாவது, லுமுட்டில் நான் கண்ட அதே நோய். 1854-இல் ஜான் பென் என்ற பொறியாளர் லிக்னம் வைட்டே என்னும் மரத்தின் பட்டைகளைப் பேரிங்கில் பொருத்தி அதைத் தீர்த்தார். நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான, இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உள்ள மரம் அது. கடல்நீரே அதற்கு மசகு ஆனது.

ஸ்மித்துக்குக் கிடைத்த பலன் குறைவு. 1856-இல் காப்புரிமை முடிந்தபின் மீண்டும் விவசாயத்துக்குப் போனார். அதிலும் வெற்றி இல்லை. 1860-இல் லண்டனில் காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆனார். 1871-இல் சர் பட்டம் வந்தது. 1874-இல் காலமானார். உலகக் கடல்களில் புரொப்பெல்லர் நிலைத்துவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாங்கள் புதிய பேரிங் பொருத்தி, தண்டை நேராக்கினோம். விரிசல் விட்ட ஃபைபர்கிளாஸை நல்ல பகுதி தெரியும்வரை சரிவாகத் தேய்த்து எடுத்தோம். நன்றாகக் காயவிட்டபின், எபோக்சியில் நனைத்த கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டினோம். நல்ல பகுதி எது என்று கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக விடைத்தாளைத் திறந்தேன். மூன்று கேள்விகளில் ஒரே அடிப்படைத் தவறு. அதிலிருந்துதான் மறுதேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். நண்பர்களே, உங்களிடமும் அப்படி மூடி வைத்த தாள் இருந்தால், ஒருமுறை திறந்து பாருங்கள்.