டிகிரி இல்லை, நோட்டு இருந்தது: துறைமுக கிளார்க் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனது எப்படி?

கோடிங் நன்றாகத் தெரியும். ஆனால் பி.இ. இல்லை. ரெஸ்யூமே முதல் ஃபில்டரிலேயே நின்றுவிடும். ஐ.டி. வேலை தேடும் பலருக்கும் பழகிப்போன கதை இது. நூறு வருஷத்துக்கு முன்பு, கிட்டத்தட்ட இதே சிக்கலோடு சென்னையில் வேலை தேடி அலைந்தவர் சீனிவாச ராமானுஜன். அவர் எழுதிய சூத்திரம் பின்னாளில் கம்ப்யூட்டர்களில் ஓடியது. டிகிரி இல்லாமல் அவர் எப்படி உள்ளே நுழைந்தார்?

எங்கே சறுக்கினார்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா. பள்ளி நாட்களில் ஜி.எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று கைக்கு வந்தது. அதில் சுமார் 5,000 முடிவுகள். முழு நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். புதிதாகக் கிடைத்ததை நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். இன்றைய பிளஸ் டூ போன்ற எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோல்வி. படிப்பு அதோடு முடிந்தது.

நோட்டுதான் ரெஸ்யூமே

1909-ல் கல்யாணம். இனி வேலை கட்டாயம். அடுத்த வருஷம் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்திய கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண கிளார்க் வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர் அந்த வேலையைத் தரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குச் சிபாரிசு செய்தார்.

அந்தத் தொடர்பு நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் வரை போனது. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

30 ரூபாய் சம்பளம்

1912 பிப்ரவரியில், திருவல்லிக்கேணி ‘சம்மர் ஹவுஸ்’ முகவரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு விண்ணப்பித்தார். எஃப்.ஏ. வரை மட்டுமே படித்ததை மறைக்கவில்லை. முழு நேரமும் கணிதத்தில் செலவிடுவதையும் எழுதினார். மார்ச் 1-ல் வேலையில் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

இங்கேதான் பெரிய திருப்பம். மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக நின்றார்.

இங்கிலாந்து கணித நிபுணர்களுக்கும் கடிதங்கள் போயின. ஹார்டிக்கு முன்பு எழுதிய இரண்டு பேரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ல் எழுதிய கடிதத்தை கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டி ஒதுக்கித் தள்ளவில்லை, உட்கார்ந்து படித்தார்.

அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகமும் அசைந்தது. ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. அதைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆய்வுக்காக கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர். 1914-ல் ராமானுஜன் வெளியிட்ட கட்டுரையில் ‘பை’ மதிப்பைக் காணும் சூத்திரங்கள் இருந்தன. அதில் ஒன்று அசுர வேகம்: ஒவ்வொரு உறுப்பைக் கூட்டும்போதும் சுமார் 8 இலக்கங்கள் சரியாகக் கிடைக்கும். 1985-ல் அமெரிக்கர் பில் காஸ்பர் அதை கம்ப்யூட்டரில் ஓட்டி, சுமார் 1.75 கோடி இலக்கங்கள் கண்டு உலக சாதனை படைத்தார். இன்றைய ‘பை’ சாதனைகளுக்குப் பயன்படும் சுட்னோவ்ஸ்கி சூத்திரமும் ராமானுஜன் காட்டிய வழியில் வந்ததுதான்.

அப்போ டிகிரி தேவையில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. டிகிரி இல்லாததற்கு அவர் கொடுத்த விலை பெரியது. கல்லூரி முடிந்துபோன 1907-லிருந்து துறைமுக வேலை கிடைத்த 1912 வரை நிலையான வருமானம் இல்லை. மொத்த ஆயுளே 32 வருஷம் என்னும்போது அது சின்ன இழப்பு இல்லை.

திறமை மட்டுமே அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் இல்லை. செய்த வேலையை எழுதி வைத்திருந்தார், தயங்காமல் காட்டினார். அதைப் பொறுமையாகப் படிக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் இருந்தார். விதியைத் தளர்த்த ஒரு பல்கலைக்கழகமும் முன்வந்தது. இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த நோட்டு திருவல்லிக்கேணியிலேயே தங்கியிருக்கும்.

1919-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், மயிலாப்பூரில் இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையிலும் பிறகு லஸ் சர்ச் சாலையிலும் தங்கினார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார்.

இங்கிலாந்திலிருந்து கிளம்பும் முன்பு, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருஷம் 250 பவுண்டு அறிவித்தது. பெற்றோருக்கும் தன் செலவுக்கும் போக மீதிப் பணத்தை ஏழை மாணவர்கள், ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுத்துவிடும்படி பதில் எழுதினார், ஒரு காலத்தில் உதவித்தொகையை இழந்து கல்லூரியைவிட்டு வெளியேறிய ராமானுஜன்.