இலியா மெச்னிகாப்

ருஷியப் பேரரசில், கார்க்கோவ் நகரையடுத்து 1845-ம் ஆண்டிற் பிறந்த இப்பேரறிஞரை நாம் ஈண்டு நினைவுகூர்வோம். அழற்சியை வெறுந் தீங்கென மருத்துவர் பலர் கருதிய காலம் அது. 1882-ல், இத்தாலி தேசத்து மெஸ்ஸினாவில், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் அவர் ரோஜா முட்களைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில், நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அழற்சி உடலின் தற்காப்பே எனத் துணிந்தார். மறுப்புரைகள் பல எழுந்தும் தளராது, 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் உழைத்தார். 1908-ல் எர்லிக் என்பாருடன் நோபெல் பரிசு பெற்று, 1916-ல் காலமானார்.

காயத்தை உயிரணு உணர்வது எங்ஙனம்? குருதியை உறைவிக்கும் திராம்பின் என்னும் நொதி, உயிரணுவின் மேலுள்ள ஏற்பியின் நுனியை வெட்டி அதனை எழுப்புகின்றது என்பது 1991-ல் விளங்கிற்று. அவ்வெழுச்சி அளவிற்பட்டாற் காக்கும். மிகுந்தால் உடலையே வருத்தும். முள் எழுப்பிய வினா இன்றும் முடிந்திலது.