இடக்கை லயமேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவனுக்குத் தோற்கருவியை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. பம்பையும் உடுக்கையும் தெருவை நிறைக்கும். கலியாணம் என்றால் தவில். மாலையில் வரவேற்பு என்றால் மேடையில் ஆர்கெஸ்ட்ரா, அதன் நடுவே பளபளக்கும் டிரம்ஸ். இவற்றுள் கடைசியாகச் சொன்ன கருவிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நமது கல்லூரி விழாக்களில் நான் வாசிப்பதைக் கேட்டுப் பொறுத்தருளிய பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் இதை அறிவர்.

அறியாத செய்தி ஒன்று உண்டு. நான் பிறவியிலேயே நொட்டாங்கைக்காரன். கை மட்டுமல்ல, காலும் அப்படியே. டிரம்ஸின் அடியில் படுத்திருக்கும் பெரிய முரசை வலக்காலால் பெடலை மிதித்து அடிப்பதுதான் வழக்கம். என் வலக்கால் அதற்குச் சோம்பேறி. இடக்காலுக்குப் பெடலை மாற்றினால் அத்தனை கருவிகளையும் இடம் மாற்ற வேண்டும். வாடகைக்கு வந்த செட்டில், அடுத்த பாட்டுக்குள் அது நடக்கிற காரியமா? சோற்றுக்கைக்கு மாறிவிடு என்று எனக்கு அறிவுரை கூறியோர் பலர். இந்தச் சிக்கலோடு திரிந்த நாளில்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வரலாறு எனக்குத் தெரிய வந்தது. மிருதங்கத்துக்கும் டிரம்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணிய பிள்ளை. தந்தை பழனி முத்தையா பிள்ளை பெயர் பெற்ற லய வித்துவான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். பஜனைக் கூடங்களில் ஒலித்த சிறு கருவியைச் செப்பம் செய்து, கஞ்சிரா என்ற பெயரில் கச்சேரி மேடையில் ஏற்றியவர் அந்த மான்பூண்டியா பிள்ளையே. அவருடைய மற்றொரு மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. இவர்கள் வழி வந்ததைப் புதுக்கோட்டைப் பாணி என்பார்கள். கணக்கில் நெருப்பாக இருந்த பாணி அது. அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வாசிப்பு தானாக வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். வரவில்லை. பையன் இடக்கையை முன்னே நீட்டினான். தந்தையின் முகம் சுருங்கியது. இடக்கையால் வாசிப்பவனுக்கு மேடையில் எதிர்காலம் இல்லை என்பதே அவர் அச்சம். கற்றுத் தர முதலில் அவர் முன்வரவில்லை.

தந்தையின் அச்சத்தை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. மிருதங்கத்தின் இரு முகங்களும் ஒன்றல்ல. கரணை இட்ட வலந்தலை பாடகரின் சுருதியோடு சேர்ந்து கணீரென்று ஒலிப்பது. மறுபக்கமான தொப்பி, கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்பியபின் தாழ்ந்து முழங்குவது. பாடகரின் வலப்புறம் மிருதங்கக்காரர், இடப்புறம் வயலின்காரர் என்பது மேடை மரபு. அவ்வாறு அமர்ந்தால்தான் வலந்தலை சபையை நோக்கும். இடக்கைக்காரர் கருவியைத் திருப்பி வைத்து அதே இடத்தில் அமர்ந்தால், சபையை நோக்குவது தொப்பி; வலந்தலையின் நாதமெல்லாம் மேடையின் பின்சுவருக்குப் போகும். அவர் இடப்புறம் போய் அமரலாம். ஆனால் அது வயலின்காரரின் இடமாயிற்றே! வயலின்காரர் எதிர்ப்பக்கம் மாறி அமர்ந்தால் அவருக்கு அசௌகரியம். எந்த வித்துவான் இன்னொருவருக்காகத் தம் இடத்தை மனமுவந்து விட்டுத் தருவார்? இன்று ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைக்கிறோம். அன்று அந்த வசதி ஏது?

சிறுவன் கைவிடவில்லை. கேட்டுக் கேட்டே கை பழகியது. பின்னர் தந்தையே மனம் இளகிக் குருவானார். தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வாசிப்பும் அவருக்குப் பெரும் பள்ளியாக அமைந்தது. பயிற்சி முடிந்தும் மேடை கிடைப்பது எளிதாக இல்லை. திறமையில் எவரும் குறை காணவில்லை. உட்காரும் இடம்தான் குறுக்கே நின்றது. நல்லவேளை, செம்பை வைத்தியநாத பாகவதர் இருந்தார். வெண்கலக் குரல் படைத்த அந்தப் பெரியவர் தம் கச்சேரிகளில் வயலின்காரரை மறுபுறம் அமரச் செய்து, பழனிக்கு இடப்புறத்தை அளித்தார். ஒரு பாய் விரிப்பில் இரண்டு பேரை இடம் மாற்றியதுதான் அவர் செய்த காரியம். அதைச் செய்ய அந்தக் காலத்தில் வேறு பலருக்கு மனம் வரவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அதன்பின் ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் முதலானோரின் மேடைகளில் பழனியின் மிருதங்கம் முழங்கியது. (ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.) பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கையில் பழனி கஞ்சிரா எடுத்து அமர்ந்த கச்சேரிகளும் உண்டு. மணி ஐயர், பழனி, இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் போற்றினர்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பழனியின் வாசிப்பில் ரசிகர்கள் உருகியது எதற்கு? கும்கிக்கு! தொப்பியின்மேல் உள்ளங்கையின் அடியை அழுத்தி நகர்த்தும்போது முழக்கம் வளைந்து நெளிந்து, குரல்போல் ஏறி இறங்கும். அதுவே கும்கி. இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடக்கைக்காரரான அவருக்குத் தொப்பியில் விழுந்தது எந்தக் கை? வலக்கை! அதாவது, அவருடைய சோம்பேறிக் கை. பிறவியிலேயே வலுவான கையை ஊர் சொன்னதற்காக அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வலுவற்ற கையையும் சும்மா விட்டு வைக்கவில்லை. அடுக்கடுக்காகச் சொற்களைக் கொட்டும் வல்லமை இருந்தும், பாட்டு கேட்கும் இடத்தில் கையை எடுத்துவிட்டு மௌனம் காப்பார். அந்த மௌனத்துக்குப் பின் விழும் ஒரு தொப்பிச் சொல் நெஞ்சுக்குள் இறங்கும். பழைய பதிவுகளைக் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வேகத்தால் கைதட்டு வாங்குவது இதைவிட மிக எளிது.

டிரம்ஸுக்கும் இதற்கும் உறவு இதுவே. 1909-இல் சிகாகோ நகரில் வில்லியம் லுட்விக், தியோபால்டு லுட்விக் என்ற சகோதரர்கள் தாம் உருவாக்கிய பெடலை விற்க நிறுவனம் தொடங்கினர். ஒரே ஆள் கையால் சிறு முரசையும் காலால் பெருமுரசையும் விரைந்து வாசிப்பது அத்தகைய பெடல்களால்தான் எளிதாயிற்று. பெடலை மிதித்ததும் சுத்தியலைத் தோலிலேயே அழுத்தி வைத்தால் ஒலி மூடிக்கொள்ளும். அடித்தவுடன் திரும்ப விட்டால் திறந்து முழங்கும். குதிகாலைப் பதித்து மிதிப்பது ஒருவகை, தூக்கி மிதிப்பது இன்னொருவகை. எங்கள் குழுவில் ஐந்தாறு பேர், கால் மட்டும் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்திக்கொள்கிறோம். வலக்கால்காரர்களின் படத்தை நான் இடம் வலம் புரட்டிப் பார்ப்பேன். அப்போதுதான் என் கால் அதில் தெரியும். மூடும் அடி, திறந்த அடி என்று நாங்கள் இன்று பிரித்துப் பார்ப்பதைத்தான், பழனியின் வலக்கை தொப்பியில் ஆயிரம் நுணுக்கத்தோடு செய்தது. வீட்டில் இடக்காலுக்கு ஏற்ப செட்டைத் திருப்பி வைத்து வாசிக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா மேடையில் அதே வலக்காலால் வாசிக்கிறேன். எனக்காக வயலினை இடம் மாற்ற ஒரு செம்பை இன்னும் வரவில்லை.

பழனி 1962-ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். ஐம்பத்தைந்து வயதைக்கூட அவர் எட்டவில்லை. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்க வித்துவான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல்தான். பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். தகுதியானவருக்குத்தான் போயிற்று. ஆனாலும் பக்கவாத்தியக்காரரைப் பாடகருக்கு ஒரு படி கீழே வைத்திருந்த காலம் இன்னும் நாலைந்து ஆண்டு முன்னதாக முடிந்திருக்கக் கூடாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய மாணவர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடா சென்று, தொரன்றோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மேல்நாட்டு டிரம்ஸ் கலைஞர்கள் பலர் அவரிடம் நம் கணக்கைக் கற்றனர். 2011-இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது. சங்கரன் வலக்கைக்காரர். குருவோ இடக்கைக்காரர். எதிரெதிரே அமர்ந்து வாசிக்கும்போது, கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கைக்கு நேர் கையாக மாணவருக்குப் பாடம் தெரிந்திருக்கும். நாங்கள் கைப்பேசியில் புரட்டிப் பார்க்கிற வேலையை அந்த வீட்டில் பாயின் எதிர்ப்புறம் உட்கார்ந்தே முடித்திருக்கிறார்கள்.

பழனியின் வாசிப்பு ஒலிப்பதிவுகளாக நமக்கு எஞ்சியிருக்கிறது. மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரிகளின் பதிவுகள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. கேட்க விரும்பும் நண்பர்கள் முதல்முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை வலந்தலையை மறந்துவிட்டு, தாழ்ந்து முழங்கும் அந்த வலக்கையை மட்டும் பின்தொடருங்கள். தனி ஆவர்த்தனம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அனுபல்லவியிலேயே அது பேசத் தொடங்கிவிடும்.