இந்தூர் உரம் தந்த ஆல்பர்ட் ஹோவார்டு

காய்கறித் தோலையும் சருகையும் மட்கவைத்து வீட்டிலேயே உரம் தயாரிப்பவர்கள் இன்று பலர். இந்த வேலைக்கு விஞ்ஞான முறையில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது நம் நாட்டு இந்தூரில்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயர்.

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய் நிபுணராக இருந்தார். சொந்தமாகப் பயிரிட்டுப் பார்க்க ஒரு துண்டு நிலம் இல்லையே என்பது அங்கே அவருக்கிருந்த குறை. 1905-ல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்ததும் 75 ஏக்கர் கிடைத்தது. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் மருந்தே அடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் பயிரில் பூச்சி குறைவு. இதைக் கண்ட நிபுணர், கௌரவம் பாராமல் அவர்களிடமே பாடம் கேட்டார்.

மனைவி காப்ரியேலும் தாவரவியல் வல்லுநர். பேர்பெற்ற பூசா கோதுமை ரகங்கள் இருவர் உழைப்பின் பலன். அம்மையார் 1930-ல் காலமானார். 'சர்' பட்டம் 1934-ல் இவருக்கு மட்டும் வந்தது.

1924-ல் இந்தூரில் புதிய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. பருத்திமார் எளிதில் மட்காது. அதை வண்டிப் பாதையில் பரப்பினார். சக்கரம் ஏறி நொறுங்கியதை மாட்டுக்குப் படுக்கையாக்கி, பிறகு குழியில் சேர்த்தார். சீன விவசாயிகளின் வழக்கம் அவருக்கு வழிகாட்டிற்று. யஷ்வந்த் வாட் என்ற இரசாயன நிபுணர் துணை நின்றார்.

முறை எளிதுதான். செடிக்கழிவு ஓர் அடுக்கு, சாணம் ஓர் அடுக்கு, மேலே மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும். ஈரம் வேண்டும், சொதசொதப்பு கூடாது, காற்று புகவேண்டும். குவியல் உள்ளே கொதிக்கும். மூன்று முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் உரம் தயார். வீட்டுத் தொட்டி நாறுகிறதென்று அலுத்துக்கொள்பவர்கள், பெரும்பாலும் தண்ணீரைக் கூட்டியிருப்பார்கள் அல்லது கிளற மறந்திருப்பார்கள். காய்ந்த சருகைக் கலந்து கிளறினால் சரியாகிவிடும்.

வாட்டுடன் சேர்ந்து எழுதிய நூலை 1931-ல் வெளியிட்டார். அதே ஆண்டு தாயகம் திரும்பினார். பல நாட்டுத் தோட்டங்கள் இந்த முறையைக் கைக்கொண்டன. இரசாயன உரத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். மட்கிய உரம் இட்ட மண்ணில் விளைந்ததை உண்டால் மாட்டுக்கும் மனிதருக்கும் நோய் அண்டாது என்றும் நம்பினார். விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். குழியில் விளைந்த உரத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

1947 அக்டோபரில் இங்கிலாந்தில் மறைந்தார். இந்தூரில் அவர் நடத்திய நிலையம் பின்னாளில் விவசாயக் கல்லூரி ஆயிற்று.