மீன் வண்டியும் பேரரசரின் உடலும்: சீனாவின் முதல் பேரரசு 15 ஆண்டுகளில் சரிந்தது எப்படி?

கி.மு. 210. வெயில் கொளுத்தும் மாதம். சீனாவின் கிழக்குப் பகுதியில் இருந்து தலைநகர் சியான்யாங்கை நோக்கி ஓர் அரச ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் பேரரசரின் மூடுவண்டி. வேளாவேளைக்கு உள்ளே சாப்பாடு போகிறது. அதிகாரிகள் வண்டிப் பக்கத்தில் நின்று அன்றாட விவகாரங்களைச் சொல்கிறார்கள், உள்ளே இருந்து உத்தரவும் வருகிறது. ஆனால் பேரரசர் செத்து நாளாகிவிட்டது. உடல் நாறத் தொடங்கியதும், வாடையை மறைக்கப் பின்னால் ஒரு வண்டி நிறைய உப்பு மீனை ஏற்றச் சொன்னார்கள்.

இறந்தவர் சின் ஷி ஹுவாங். சீனாவை முதன்முதலாக ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவர். சுடுமண் படைவீரர் சிலைகளை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரர். தன் வாரிசுகள் பத்தாயிரம் தலைமுறை ஆள்வார்கள் என்று கணக்குப் போட்டு, தன்னை முதலாமவர் என்று அழைத்துக்கொண்டார். கணக்கு இரண்டு, மூன்று என்பதோடு நின்றுபோனது.

எதிரி ஊரில் பிறந்த பிள்ளை

இயற்பெயர் யிங் செங். கி.மு. 259-ல் பிறந்தது சொந்த நாடான சின்னில் இல்லை, எதிரியான ஜாவ் நாட்டின் தலைநகர் ஹந்தானில். அப்பா அங்கே பிணைக்கைதியாக இருந்த இளவரசர். போர் முற்றியதும் அப்பா தப்பி ஓடிவிட, அம்மாவும் கைக்குழந்தையும் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. 30 ஆண்டுகள் கழித்து அந்த நகரம் அவர் படையிடம் விழுந்தபோது நேரில் போனார். அம்மா வீட்டாரோடு பகை வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து உயிரோடு புதைக்கச் சொன்னார். மறக்கிற ஆள் இல்லை.

13 வயதில் அரியணை. நிர்வாகம் எல்லாம் லூ பூவெய் என்ற வணிகர் கையில். 21 வயதில் அம்மாவின் காதலரே கலகம் செய்ய, அதை நசுக்கினார், லூவையும் ஓரங்கட்டினார். அதற்கப்புறம் யாரையும் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

கி.மு. 227-ல் நடந்த ஒரு சம்பவம் அந்த அரசவை எப்படிப்பட்டது என்பதைக் காட்டிவிடும். சுருட்டிய வரைபடத்துக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு ஜிங் கே என்பவர் அவரைக் கொல்ல வந்தார். அரசர் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார், இடுப்பு வாள் நீளமாக இருந்ததால் உருவ முடியவில்லை. மண்டபத்தில் இருந்த அமைச்சர்கள் கையில் ஆயுதம் இல்லை, அது சட்டம். கீழே ஆயுதத்தோடு நின்ற காவலர்கள் மேலே ஏறவில்லை. உத்தரவு வராமல் ஏறக்கூடாது, அதுவும் சட்டம். கடைசியில் ஒரு மருத்துவர் மருந்துப் பையை வீசித் தடுத்த நேரத்தில் அரசர் வாளை உருவிவிட்டார்.

ஒரே ஆள், ஒரே அலுவலகம்

கி.மு. 230-ல் தொடங்கி 221-க்குள் ஆறு நாடுகளையும் விழுங்கினார் யிங் செங். இதற்கான அடித்தளம் அவர் போட்டது இல்லை. 100 ஆண்டுகளுக்கும் முன்பே ஷாங் யாங் என்ற அமைச்சர் சின் நாட்டை ஒரு போர் இயந்திரமாக மாற்றியிருந்தார். எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் பதவி உயர்வு. குடும்பங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒருவர் தப்பு செய்தால் மற்றவர்களுக்கும் தண்டனை. போர் நடக்கிற வரை இந்த ஏற்பாடு பிரமாதமாக ஓடியது. ஜெயித்து முடித்த பிறகு என்ன செய்வது? சிக்கல் ஆரம்பித்தது இங்கேதான்.

பேரரசர் செய்தவை சின்ன வேலைகள் இல்லை. நாட்டை 36 மாவட்டங்களாகப் பிரித்து, பரம்பரைப் பிரபுக்களுக்குப் பதிலாக அதிகாரிகளை நியமித்தார். எழுத்து, எடை, அளவு, நாணயம், வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒன்றாக்கப்பட்டன. மக்களிடம் இருந்த ஆயுதங்களைப் பறித்து உருக்கி 12 பெரிய சிலைகள் செய்தார். தினமும் இத்தனை எடை ஆவணம் படித்து முடிக்காமல் தூங்குவதில்லை என்று தனக்கே டார்கெட் வைத்திருந்தார். அன்றைய ஆவணம் மூங்கில் பட்டைகளில் எழுதியது என்பதால், எடை என்றால் நிஜமாகவே தராசு எடை. எல்லாக் கோப்பும் ஒருவர் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றால், அந்த ஒருவர் இல்லாத நாளில் என்ன ஆகும்?

வேலைகளும் நிற்கவில்லை. வடக்கே தளபதி மெங் தியான் தலைமையில் 3 லட்சம் பேர், எல்லைச் சுவர் வேலையும் அங்கேதான். தெற்கே இன்னொரு பெரும்படை. கல்லறைக்கும் அரண்மனைக்கும் 7 லட்சம் பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியான். இவர் சின்னை வீழ்த்திய ஹான் அரசில் வேலை பார்த்தவர், நூறாண்டு கழித்து எழுதியவர். எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். கி.மு. 213-ல் புத்தகங்களை எரித்தார், மறு ஆண்டு 460-க்கும் மேற்பட்டோரைக் கொன்று புதைத்தார் என்ற செய்திகளும் அவர் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. இந்தத் தண்டனை வேண்டாம் என்று தடுத்துப் பேசிய மூத்த மகன் ஃபூசுவை, வடக்கு எல்லைக்கு மெங் தியானிடம் அனுப்பிவிட்டார் தந்தை.

கிழித்தெறியப்பட்ட கடிதம்

சாவைப் பற்றிப் பேசினாலே பேரரசருக்குப் பிடிக்காது. சாகா மருந்து தேடிக் கடலுக்கு ஆள் அனுப்பினார், ஆனால் வாரிசை முறைப்படி அறிவிக்கவே இல்லை. 49 வயதில், ஐந்தாவது சுற்றுப்பயணத்தில் நோயில் விழுந்தபோதுதான் ஃபூசுவை வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். அது அனுப்பப்படவில்லை.

கடிதமும் முத்திரையும் ஜாவ் காவ் என்ற அரண்மனை அதிகாரியிடம் இருந்தன. மெங் தியானின் தம்பி ஒருமுறை இவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார், பேரரசர் மன்னித்ததால் தப்பியவர். ஃபூசு வந்தால் மெங் குடும்பத்தின் கை ஓங்கும், தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். முதலமைச்சர் லீ சியிடமும் இதையே சொல்லிப் பயமுறுத்தினார்: உங்க பதவியும் போகும். லீ சி தயங்கினார், பிறகு இறங்கிவந்தார். தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி ஃபூசுவுக்கு ஒரு போலிக் கடிதம் போனது. சந்தேகமா இருக்கு, விசாரிக்கலாம் என்று மெங் தியான் தடுத்தும் ஃபூசு கேட்கவில்லை. அப்பா உத்தரவு என்று உயிரை விட்டார். இளைய மகன் ஹுஹாய் பேரரசர் ஆனார். (பீக்கிங் பல்கலைக்கழகத்திடம் உள்ள பழைய மூங்கில் ஏடு ஒன்றில் கதை வேறு: ஹுஹாயை வாரிசாக்க பேரரசரே சம்மதித்தார் என்கிறது.)

புதியவர் உடன்பிறந்தவர்களைத் தீர்த்துக்கட்டினார். வரிச்சுமையும் கட்டாய உழைப்பும் கூடின. லீ சி இரண்டே ஆண்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜாவ் காவ் அவைக்கு ஒரு மானைக் கொண்டுவந்து குதிரை என்றாராம், மான் என்று சொன்னவர்களைக் குறித்து வைத்துக்கொண்டாராம்.

மழையில் மாட்டிய 900 பேர்

கி.மு. 209. எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். தாமதமானால் மரண தண்டனை, கலகம் செய்தாலும் அதே தண்டனைதானே என்று சென் ஷெங், வூ குவாங் இருவரும் கொடி தூக்கியதாகச் சொல்கிறார் சிமா சியான். ஆனால் 1975-ல் ஹூபேயில் ஒரு சின் அதிகாரியின் கல்லறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அதிலுள்ள சட்டப்படி, கட்டாய வேலைக்குச் சில நாள் தாமதமானால் கண்டிப்பு, கூடினால் அபராதம், மழை என்றால் ரத்து. அந்த அதிகாரி பேரரசர் உயிரோடு இருந்தபோதே இறந்தவர். பிறகு சட்டம் கடுமையானதா, எல்லைக் காவலுக்குச் சட்டம் வேறா, ஹான் காலத்தில் கதை கூட்டப்பட்டதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

எப்படியோ, தீ பரவிவிட்டது. ஆறு நாட்டுப் பழைய குடும்பங்கள் தோற்றிருந்தனவே தவிர மறந்திருக்கவில்லை. பெரும்படைகளோ வடக்கிலும் தெற்கிலும் தொலைவில். கல்லறையில் வேலை செய்த கைதிகளுக்கே ஆயுதம் கொடுத்து அனுப்ப வேண்டிய நிலை. முதலில் அதுவும் பலித்தது, தளபதி ஜாங் ஹான் சில வெற்றிகளும் கண்டார். பிறகு தோல்வி. தலைநகரில் ஜாவ் காவ் தன்னைப் பலிகொடுத்துவிடுவார் என்று பயந்து எதிரியிடம் சரணடைந்தார். ஹுஹாயைத் தற்கொலைக்குத் தள்ளினார் ஜாவ் காவ். அடுத்து வந்த ஜிஇங், ஜாவ் காவைக் கொன்றார். அவர் ஆண்டது 46 நாள்.

அவர் சரணடைந்தது லியூ பாங்கிடம். இந்த லியூ பாங் முன்பு சின் அரசின் கீழ்நிலை அலுவலர். கல்லறை வேலைக்குக் கைதிகளைக் கூட்டிப்போகும் வழியில் பாதிப்பேர் தப்பிவிட, மீதிப்பேரையும் அவிழ்த்துவிட்டுத் தலைமறைவானவர். பின்னால் ஹான் பேரரசை நிறுவியவரும் இவர்தான். அது இடையில் ஒரு முறிவோடு 400 ஆண்டுகள் நீடித்தது.

சியான்யாங்குக்குள் நுழைந்ததும் மற்ற தளபதிகள் தங்கமும் பட்டும் இருந்த கிடங்குகளுக்கு ஓடினார்கள். லியூ பாங்கின் நிர்வாகி சியாவ் ஹெ மட்டும் சின் அலுவலகங்களுக்குப் போய்ச் சட்டங்கள், வரைபடங்கள், மக்கள்தொகைப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டார். சில வாரங்களில் சியாங் யூவின் படை வந்து நகருக்குத் தீ வைத்தது. மூன்று மாதம் எரிந்ததாம்.