பி.கே. ரோசி: சாதி துரத்திய முதல் நாயகி

மலையாளத் திரைப்படத்தின் முதல் கதாநாயகியான பி.கே. ரோசி, 1903ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் புலையர் சமூகத்தில் பிறந்தார். புல்லறுத்துப் பிழைத்த வறிய வாழ்க்கை அவருடையது. பெண்கள் மேடையேறுவதே இழிவெனக் கருதப்பட்ட அக்காலத்தில், தமிழும் மலையாளமும் கலந்து நிகழ்த்தப்படும் காக்காரிசி நாடகத்தில் அவர் நடித்துவந்தார்.

அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், தாம் இயக்கிய ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தில் ரோசியை நாயர் பெண் சரோஜினியாக நடிக்க வைத்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாத ஆதிக்க சாதியினர் கல்லெறிந்து கலவரம் செய்தனர். நாயகன் அவர் கூந்தல் மலரை முத்தமிடும் காட்சி அவர்களது சினத்தை மேலும் மூட்டியது. தாம் நடித்த படத்தைக் காணவும் ரோசிக்கு அந்த அரங்கில் இடமில்லை. அவரது குடிசையும் தீக்கிரையாக்கப்பட்டது.

உயிர் தப்பிய ரோசி, ஒரு லாரியில் ஏறித் தமிழ்ப் பகுதிக்கு வந்தார். அதன் ஓட்டுநரும் நாயர் சமூகத்தவருமான கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். திரையில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தம் பிறப்பையும் கலையையும் மறைத்து நாயர் குடும்பத்துப் பெண்ணாக வாழ நேர்ந்தது. சாதியின் கொடுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. அது வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். குன்னுகுழி மணி போன்ற ஆய்வாளர்களின் தேடலே ரோசியை மீட்டது. 2013இல் வெளியான ‘செல்லுலாய்ட்’ திரைப்படம் அவர் கதையைப் பலரிடம் சேர்த்தது.

அமெரிக்கக் கறுப்பினத் திரைப்பட வரலாறும் இத்தகைய மீட்பால் எழுந்ததே. அடிமையாகப் பிறந்தவரின் மகனான ஆஸ்கர் மிஷோ 1920இல் வெளியிட்ட ‘விதின் அவர் கேட்ஸ்’ தொலைந்துபோனதாகவே பல்லாண்டுகள் கருதப்பட்டது. அதன் ஒரே படி ஸ்பெயினில் கண்டெடுக்கப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் சீரமைக்கப்பட்டது. இன்று பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாகப் பயில்கின்றன.

சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாடக மேடைகளிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் உழைத்து, பெயரின்றி மறைந்த தலித் கலைஞர்கள் பலர். அவர்களை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அவர்தம் நினைவுகளைப் பதிவுசெய்தல் வேண்டும். திரைப்படம் பயிலும் மாணவர்கள் இப்பணியைக் கையிலெடுக்க வேண்டுமென அழைக்கிறோம்.