ஜேம்ஸ் ஜீன்ஸ்

சர் ஜேம்ஸ் ஹாப்வுட் ஜீன்ஸ் (செப்டம்பர் 11, 1877 – செப்டம்பர் 16, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வானியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். வாயு முகில்கள் எந்நிலையில் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி விண்மீன்களாகும் என்பதைக் கணித்தவர். கோள்களின் தோற்றம் குறித்து இவர் முன்வைத்த ஓதக் கொள்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிப் பின்னர் கைவிடப்பட்டது.

இளமையும் கல்வியும்

ஜீன்ஸ் லங்காசயரில் உள்ள ஓர்ம்ஸ்கெர்க் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ச், டிரினிட்டி கல்லூரியில் பயின்று, மூன்றாண்டுகளுக்குரிய கணிதத் தேர்வை 1898 இல் இரண்டே ஆண்டுகளில் எழுதி இரண்டாமிடம் பெற்றார். பின்னர் மூட்டுகளைத் தாக்கிய காசநோயினால் மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றிய தமது முதல் நூலை அக்காலத்திலேயே எழுதினார். அது 1904 இல் வெளிவந்தது. 1905 முதல் 1909 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

முகில்களின் நிலைப்பு

1902 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், வாயு முகிலொன்றை விரியச் செய்யும் அழுத்தத்தையும் சுருங்கச் செய்யும் ஈர்ப்பையும் ஜீன்ஸ் ஒப்பிட்டார். குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய முகிலில் ஈர்ப்பே வெல்லும். முகில் குளிர்ந்தும் அடர்ந்தும் இருப்பின் அவ்வளவு சிறிதாகும். இது இன்று ஜீன்ஸ் நீளம் எனப்படுகிறது. எல்லையற்ற சீரான முகிலொன்று முதலில் அசைவற்றிருப்பதாகக் கொண்டது இக்கணிப்பின் குறை. பின்வந்தோர் இதனை ஜீன்ஸ் புரட்டு என்று கேலியாகக் குறிப்பிட்டாலும், முடிவை ஏற்றுக்கொண்டனர்.

ஓதக் கொள்கை

சுழலும் முகிலொன்று சுருங்கியதால் சூரியனும் கோள்களும் தோன்றின என்பது லாப்லாசின் கருத்து. சூரியக் குடும்பத்தின் நிறையில் 99.8% சூரியனிடம் இருக்க, கோண உந்தத்தின் பெரும்பகுதி கோள்களிடம் இருப்பதை அக்கருத்தால் விளக்க முடியவில்லை. முன்னர் சேம்பர்லின், மோல்ட்டன் ஆகிய அமெரிக்கர்கள், கடந்து சென்ற வேறொரு விண்மீனைக் காரணமாகக் காட்டியிருந்தனர். ஜீன்ஸ் 1917 அளவில் இதற்குப் புதிய வடிவம் தந்தார். நிலவு கடலில் ஓதத்தை எழுப்புவது போன்று, அருகே வந்த விண்மீன் சூரியனிலிருந்து நீண்ட வாயு இழையொன்றை வெளியே இழுத்தது. அவ்விழை துண்டாகிக் கோள்களாயிற்று. சுருட்டுப் போன்று இழையின் நடுப்பகுதி தடித்திருந்ததால், வியாழனும் சனியும் நடுவில் அமைந்தன என்றார்.

விண்மீன்கள் இவ்வாறு நெருங்குவது மிக அரிது. எனவே கோள்களும், அவற்றோடு உயிரினங்களும், பேரண்டத்தில் மிக அரியவை என்னும் முடிவு கிடைத்தது. 1930 இல் வெளிவந்து பெருமளவில் விற்பனையான இவரது பொதுமக்களுக்கான நூல் இக்கருத்தை எங்கும் பரப்பியது.

1935 இல் ஹென்றி நோரிஸ் ரசல், இவ்வாறு இழுக்கப்பட்ட பொருள் கோள்களின் தொலைவில் சுற்றுமளவுக்குக் கோண உந்தம் பெறாது என்று காட்டினார். 1939 இல் லைமன் ஸ்பிட்சர், அத்துணை வெப்பமான வாயு திரளுமுன்பே சிதறிவிடும் எனக் கணித்தார். 1902 இல் ஜீன்ஸ் ஆராய்ந்த அதே அழுத்தமும் ஈர்ப்பும் இங்கு அவரது கொள்கைக்கே எதிராக நின்றன எனலாம்.

பிற்காலம்

ஜீன்ஸ் 1928 இல் சர் பட்டமும் 1939 இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். ரதர்போர்டு 1937 இல் காலமானதால், 1938 சனவரியில் கொல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவரிடத்தில் தலைமை தாங்கினார். சரே மாவட்டத்திலுள்ள டோர்க்கிங் நகரில் காலமானார்.

தற்கால ஆய்வுகளில்

கோள்கள் இளம் விண்மீன்களைச் சூழ்ந்த குளிர்ந்த வாயு-தூசித் தட்டுகளில் உருவாகின்றன என்பதே இன்றைய கொள்கை. தட்டு நிறைமிக்கதாயின் அது தன்னீர்ப்பால் துண்டாகுமா என்று ஆராய்வதில் ஜீன்சின் 1902 ஆம் ஆண்டுக் கருத்தே அடிப்படையாகிறது. கடந்து செல்லும் விண்மீனும் வேறு வகையில் திரும்பி வந்துள்ளது. ஆர்.டபிள்யூ. ஆரிகே என்னும் இளம் இரட்டை விண்மீனில், ஒன்றின் தட்டிலிருந்து நீண்ட வாயுக்கரம் வெளிநோக்கி வளைந்திருப்பதாக 2006 இல் அறிவிக்கப்பட்டது. துணை விண்மீன் அருகே கடந்தபோது அதன் ஓத விசை இதனை இழுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் இங்கு இழுபட்டது விண்மீனின் உடலன்று, அதனைச் சூழ்ந்த தட்டே.